கீபோர்டை மாற்றும் முன்

ஆசிரியருக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத் தமிழ்வழிப் பள்ளிகளில் பாடம் நடப்பது கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸில்; இது உபுண்டு என்ற இயங்குதளத்தை அடியாகக் கொண்டது. பதிப்பை உயர்த்திய மறுநாள் “ந வரலை, ழ வரலை” என்று பிள்ளைகள் சொன்னால், உடனே வாளையார் தாண்டிக் கோவைக்குப் போய்ப் புதுக் கீபோர்டு வாங்கி வர வேண்டியதில்லை. பழுது எந்த அடுக்கில் என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

தமிழ்99 என்ற தட்டச்சு வரிசையில் ந இருப்பது அரைப்புள்ளி விசையில், ழ சாய்கோட்டு விசையில், ய ஒற்றை மேற்கோள் விசையில். சூப்பர் விசையும் (விண்டோஸ் குறி உள்ள விசை) ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறி, அதே விசைகளைத் தட்டுங்கள். குறிகள் விழுந்தால் விசை நலம். கோளாறு தமிழ் வரிசையில்தான். பழைய பதிப்புகளில் ‘டாம்_யூனிகோட்’ (tam_unicode) என்றிருந்த வரிசைப் பெயர் பின்னர் ‘டாம்_தமிழ்நெட்’ (tam_tamilnet) ஆனது. அமைப்புக் கோப்பில் பழைய பெயரே கிடந்தால் தமிழ் ஏறாமல் போகலாம். செட்டிங்ஸில் பழைய வரிசையை நீக்கிவிட்டு, தமிழ்நெட் 99 என்பதைப் புதிதாகச் சேர்த்தால் சரியாகும். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தட்டச்சு செய்பவர்கள் ‘ஐபஸ்-எம்17என்’ (ibus-m17n) தொகுப்பு இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

இன்னொன்று நம் பள்ளிகளுக்கே உரிய சிக்கல். லினக்ஸில் திரையையும் விசைகளையும் கையாளும் எக்ஸ் திரைமுறை ஒரே நேரத்தில் நான்கு வரிசைகளைத்தான் தாங்கும். ஆங்கிலம், மலையாளம், தமிழ், இந்தி என்று நான்கும் நிரம்பிவிடுகிறது. ஐந்தாவதாகச் சேர்த்த ஒன்று வேலை செய்யாமல் போனால் விசையைக் குறை சொல்லக் கூடாது.

ஆங்கிலத்திலும் விசை பேசவில்லையா? கணினியை மறுபடி இயக்கி, ஷிப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி, லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் நிரலின் பட்டியலை வரவழையுங்கள். அங்கே ‘சி’ விசையைத் தட்டினால் கட்டளை வரி திறக்கும். சந்தேகமான விசைகளை அதில் அடித்துப் பாருங்கள். லினக்ஸ் இன்னும் ஏறாத இடம் அது. அங்கும் விழாவிட்டால் மட்டுமே கடைக்குப் போங்கள். விழுந்தால் எஸ்கேப் அடித்துத் திரும்பி, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ சென்று முந்தைய கெர்னலில் (லினக்ஸின் மையக்கரு) ஏறுங்கள். அதில் விசைகள் உயிர்பெற்றால் குற்றம் புதுக் கெர்னலுடையது. 2022இல் வந்த 5.19 கெர்னலில் ரைசன் செயலி கொண்ட சில லேப்டாப்களின் உள்கீபோர்டு மட்டும் செத்துப்போய், வெளியே செருகிய யூஎஸ்பி கீபோர்டு ஒழுங்காக ஓடியது இந்த வகைதான். விசை அழுத்தத்தைச் செயலிக்குத் தெரிவிக்கும் முதலாம் எண் குறுக்கீடு பற்றி பயோஸ் (கணினியின் தொடக்க மென்பொருள்) தரும் குறிப்பைக் கெர்னல் கையாளும் விதம் மாறியதே காரணம். அடுத்த திருத்தம் வரும்வரை பழைய கெர்னலிலேயே வேலை நடக்கட்டும்.

கிரப்பில் நன்றாக இருந்து, இரண்டு கெர்னலிலும் நுழைவுத் திரையில் மட்டும் கீபோர்டு ஊமையானால், எக்ஸின் உள்ளீட்டுத் தொகுப்பு உயர்த்தும்போது கழன்றிருக்கக்கூடும். அதே ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் உள்ள ரெக்கவரி முறையில் நுழைந்து, இணையத்தை இயக்கி, ‘எக்ஸ்சர்வர்-சோர்க்-இன்புட்-ஆல்’ (xserver-xorg-input-all) தொகுப்பை நிறுவ வேண்டும்.

தேய்ந்த விசைக்கு ஈடாக வேறொன்றை எக்ஸ்மோட்மேப் என்ற எக்ஸ் கருவியால் மாற்றிவைத்த கணினிகள் பல உண்டு. எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்ட் திரைமுறை அந்த மாற்றத்தைக் கண்டுகொள்வதே இல்லை. உபுண்டு 25.10க்கு முந்தைய பதிப்புகளில், நுழைவுத் திரையின் பல்சக்கரக் குறியில் எக்ஸில் இயங்கும் ‘உபுண்டு ஆன் சோர்க்’ (Ubuntu on Xorg) என்பதைத் தேர்ந்தால் பழையபடி ஓடும்.

கடைசியாக ஒரு சில்லறைக் காரணம்: அணுகல் வசதிகளைக் கீபோர்டாலேயே இயக்கும் தேர்வு செட்டிங்ஸில் போடப்பட்டிருந்தால், ஷிப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்ததும் ‘ஸ்லோ கீஸ்’ இயங்கிவிடும், பிறகு சட்டென்று தட்டும் எந்த விசையும் விழாது. மீண்டும் எட்டு விநாடி பிடித்தால் நீங்கும்.

பள்ளி ஆய்வகங்களில் எல்லாக் கணினியையும் ஒரே நாளில் உயர்த்தாமல், முதலில் ஒன்றில் மட்டும் உயர்த்தி, தமிழில் ஒரு பக்கம் தட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றில் கைவைக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பழைய கெர்னலை அழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
லினக்ஸ் பயனர்,
கொழிஞ்சாம்பாறை