கைக்கடிகாரக் கலோரியை வைத்துச் சாப்பாட்டை முடிவு செய்யலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடைப்பயிற்சியின்போது கைக்கடிகாரம் காட்டும் கலோரியைப் பார்த்து, அதற்கேற்ப அன்றைய உணவைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம் என்ற யோசனை தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன் நான்; காரைக்குடியில் நாள்தோறும் விடியற்காலையில் ஊருணிக் கரையைச் சுற்றி நடப்பவனும்கூட. அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அது பலருக்குத் தீங்காக முடியும் என்று அஞ்சுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உடல் செலவிடும் ஆற்றலை மணிக்கட்டில் நேரடியாக அளக்க வழி கிடையாது. ஆய்வுக்கூடத்தில் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியை அணிவித்து, உள்ளே போகும் ஆக்சிஜன் எவ்வளவு, வெளியே வரும் கரியமில வாயு எவ்வளவு என்று அளக்கிறார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜனை உடல் பயன்படுத்தினால் ஏறத்தாழ 5 கிலோ கலோரி செலவாகிறது என்பது அதன் அடிப்படை. (நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது இந்தக் கிலோ கலோரியைத்தான்.) கைக்கடிகாரத்திலோ கையின் அசைவை உணரும் ஒரு சில்லும், தோலின் மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்தம் உறிஞ்சியது போகத் திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித் துடிப்பை எண்ணும் ஓர் உணரியுமே இதற்கு முக்கியமாகப் பயன்படுகின்றன. அவற்றோடு நாம் பதிந்து வைத்த வயது, உயரம், எடை ஆகியவற்றையும் சேர்த்து, நிறுவனம் தனக்கென வைத்திருக்கும் ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் விடையே திரையில் தெரிகிறது. அதாவது துடிப்பும் அசைவும் அளவீடுகள். கலோரி ஓர் ஊகம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 60 பேருக்கு 7 வகைக் கருவிகளைக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் 6 கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்குள் அடங்கியது. ஆற்றல் கணக்கில் இருப்பவற்றுள் மிகச் சரியான கருவியே 27 விழுக்காடு பிழை காட்டியது. மிக மோசமானது 93 விழுக்காடு. பின்னர் வந்த ஒப்பீட்டு ஆய்வுகளிலும் கலோரிக் கணக்குதான் இக்கருவிகளின் பலவீனமான பகுதியாக நிற்கிறது. 27 விழுக்காடு என்றால், உண்மையில் 300 கலோரி செலவழித்தவருக்குத் திரை ஏறத்தாழ 380 என்றும் காட்டலாம், 220 என்றும் காட்டலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகள், "அப்பச்சி, இதைக் கட்டிக்கிட்டு நடங்க" என்று ஒரு கடிகாரம் அனுப்பினாள். மைத்துனரிடம் வேறொரு நிறுவனத்தின் கடிகாரம் இருந்தது. அதையும் இரவல் வாங்கி, இரண்டிலும் என் வயதையும் எடையையும் ஒன்றுபோலப் பதிந்து, இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாகக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தேன். அடிகளின் எண்ணிக்கையில் இரண்டுக்கும் இடையே நூறு அடிக்கும் குறைவான வித்தியாசமே இருந்தது. கலோரி ஒன்றில் 214, மற்றதில் 331. ஒரே உடல், ஒரே நடை, ஒரே காலை. வகுப்பில் ஒரு மாணவன் இப்படி இரண்டு விடைகளோடு வந்திருந்தால் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பேன். நானும் மூன்று நாள் திரும்பச் செய்து பார்த்தேன். இடைவெளி குறையவே இல்லை.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நம் ஊர்க்காரரின் தோளில் இருக்கும் சுமை கடிகாரத்துக்குத் தெரியாது. காவடியைப் பிடித்த கை வீசாததால் அடிகளே சில நேரம் தவறிவிடும். டிரெட்மில்லின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடப்பவருக்கும் இதே கதிதான். சித்திரை வெயிலில் உடலைக் குளிர்விக்க இதயம் கூடுதலாகத் துடிக்கும். கடிகாரம் அதைக் கடும் உழைப்பு என்று எடுத்துக்கொள்ளும். இரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்க்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரையோ துடிப்பைத் தாழ்த்தும் என்பதால், அதைச் சாப்பிடுகிறவரின் உழைப்பு குறைத்துக் காட்டப்படும். இவற்றோடு, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலைக் கணக்கிட மேல்நாட்டவரை வைத்து வகுத்த சமன்பாடுகள் இந்தியருக்குக் கூடுதலாகக் காட்டுகின்றன என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்த செய்தி.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 245 கலோரி செலவாகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதே ஒரு மணி நேரம் அவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் உடல் வெப்பத்துக்கும் 70 கலோரி போயிருக்கும். ஆகவே நடையால் கூடுதலாகக் கரைந்தது 175தான். பல கருவிகள் மொத்தக் கலோரி ஒன்றும் செயல்பாட்டுக் கலோரி ஒன்றுமாக இரண்டைக் காட்டுகின்றன. மொத்தத்தைப் பார்த்துவிட்டு அவ்வளவையும் சாப்பிட்டு ஈடுகட்டுகிறவர், உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதை இரண்டாம் முறை கணக்கில் சேர்க்கிறார்.

எங்களோடு நடக்கும் நண்பர் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கடிகாரம் 400 காட்டிய நாள்களில், "இன்னிக்குக் கணக்கு சரியாப் போச்சு" என்று வீட்டில் சுட்ட கந்தரப்பம் என்னும் இனிப்பில் இரண்டை எடுத்துக்கொள்வார். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் அளவு ஏறிவிட்டது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் அவரது சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோதுதான் இந்தப் பழக்கம் வெளிப்பட்டது. அவர் கவனமில்லாத மனிதர் அல்லர். திரையில் தெரிந்த எண்ணை அளவீடு என்றே நம்பியவர். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இந்த எண்ணை வைத்துத் தாமாக உணவையோ மருந்தையோ மாற்றினால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்தும் இருக்கிறது.

கடிகாரத்தைக் கழற்றி வைக்கும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றைவிட இன்று கூடுதலாக நடந்தோமா, அதே தூரத்தை முன்னைவிடக் குறைந்த துடிப்பில் கடக்கிறோமா என்று பார்க்க அது நல்ல துணை. உணவை முடிவு செய்ய, வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் பார்க்கும் எடையும், இடுப்புச் சுற்றளவும், மருத்துவர் சொல்லும் பரிசோதனையும் போதும்.

வெப்பமானிக்கும் தராசுக்கும் பிழை வரம்பு குறிக்கும்போது, உடல்நலத்தின் பெயரால் விற்கப்படும் இக்கருவிகளின் பெட்டியில் கலோரிக் கணக்கின் பிழை வரம்பை ஏன் அச்சிடக்கூடாது? அதை உரியவர்களிடம் தங்கள் நாளிதழ் கேட்க வேண்டுகிறேன். முன்பு வெளியான யோசனைக்கு ஒரு விளக்கத்தையும் அதே நலவாழ்வுப் பக்கத்தில் வெளியிட்டால், அதைப் படித்துவிட்டு நடந்துகொண்டிருப்பவர்களின் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காரைக்குடி.