குழந்தையின் சாட்சியத்தை இழுத்தடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு அந்தப் பாலியல் கொடுமை நடந்தது 2024 டிசம்பர் 23-ஆம் தேதி. சென்னை மகளிர் நீதிமன்றம் 29 சாட்சிகளை விசாரித்து, 2025 மே 28-இல் அதைச் செய்தவனைக் குற்றவாளி என்று அறிவித்து, ஜூன் 2-இல் தண்டனையும் கொடுத்துவிட்டது. ஐந்து மாதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அன்று டிவி முன்னால் உட்கார்ந்து நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதற்கப்புறம் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் எங்கள் மாவட்டத்துப் போக்சோ நீதிமன்ற வராந்தாவில் ஒரு சிறுமியோடு காத்திருந்தபோது வயிறு எரிந்தது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். அவற்றை வைத்தே அந்தச் சிறுமி யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். என்னிடம் படித்தவள். புகார் கொடுத்தபோது ஐந்தாம் வகுப்பு, இப்போது எட்டாம் வகுப்பு. போலீஸைக் குறை சொல்ல மாட்டேன். பெண் எஸ்.ஐ. சாதாரணச் சேலையில் வீட்டுக்கே வந்து, பாயில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். குற்றப்பத்திரிகையும் தாமதமில்லாமல் தாக்கலானது.

நீதிமன்றத்தில்தான் சிக்கல். முதல் விசாரணையில் நடந்ததையெல்லாம் அவள் சொல்லிவிட்டாள். குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார், வாய்தா. அப்புறம் நீதிபதி மாறுதலாகிப் போனார், புதியவர் வரும்வரை வாய்தா. பிறகு ஒருநாள் அரசு வக்கீல் வரவில்லை, அதற்கும் வாய்தா. ஒவ்வொரு தடவையும் அவள் அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகிறது.

குற்றம் சாட்டப்பட்டவன் குழந்தையின் கண்ணில் படக்கூடாது என்கிறது சட்டம். உள்ளே திரை போடுகிறார்கள். சரி, வெளியே? ஜாமீனில் வந்தவன் எதிரே டீக்கடையில் நிற்கிறான். அவன் குரல் கேட்டதுமே இவள் என் துணிப்பையின் கைப்பிடியை முறுக்கத் தொடங்கிவிடுவாள். போன தடவை கைப்பிடி பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வேண்டும், தாமதமானால் காரணத்தை நீதிமன்றம் எழுதிவைக்க வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 35-ஆவது பிரிவு. குழந்தையைத் திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்கிறது 33-ஆவது பிரிவு. சென்னையில் மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தது, வேகம் வந்தது. யாரும் பார்க்காத வழக்குக்கும் சட்டம் அதுதானே?

முதல் விசாரணையையும் குறுக்கு விசாரணையையும் ஒரே நாளில், முடியாவிட்டால் மறுநாளே முடித்துவிடுங்கள். மற்ற சாட்சிகளை அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம். 30 நாளைத் தாண்டிய வழக்குகளின் பட்டியலை மாதாமாதம் உயர் நீதிமன்றம் கேட்டு வாங்க வேண்டும். போக்சோ நீதிபதி மாறுதலாகும்போது, அடுத்தவர் பொறுப்பேற்ற பிறகே அவரை விடுவிக்க வேண்டும்.

அடுத்த வாய்தா காலாண்டுத் தேர்வு சமயத்தில் வருகிறது. அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்