இல்லப் பணிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு வாலிபர் சங்கத்தின் நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமான, பல சபைகள் சேர்ந்த நம் சேகரத்து மக்களுக்கும், சபைக்கு வெளியேயிருந்து கைகொடுத்த அனைவருக்கும் வாலிபர் சங்கத்தாரின் அன்பின் ஸ்தோத்திரம்.

மே மாத விடுமுறையில் நம் சங்கம் பணி செய்த குழந்தைகள் இல்லத்தின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. பிள்ளைகளின் படங்களும் இதில் இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவுப்படி, பராமரிப்பில் இருக்கும் ஒரு பிள்ளையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இன்று எட்டு வயதில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் பிள்ளை நாளை கல்லூரிக்கும் வேலைக்கும் போகும். அந்தப் படம் அதைத் துரத்திக்கொண்டே போகக் கூடாது. கைப்பேசியை அலுவலக மேசையில் வைத்துவிட்டு உள்ளே போன ஒவ்வொருவருக்கும், "போட்டோ அனுப்புங்க தம்பி" என்று கேட்காமல் காணிக்கை தந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் எங்கள் முதல் நன்றி.

அடுத்த நன்றி, பிள்ளைகள் "பெரியம்மா" என்று கூப்பிடும் இல்லத் தாய்க்கு. பாட்டு, விளையாட்டு, பரிசுப் பொருள் என்று எங்கள் பட்டியலை நீட்டியபோது அவர்கள் மறுக்கவில்லை. அதன் பக்கத்திலேயே தன் பட்டியலை வைத்தார்கள்: தண்ணீர்த் தொட்டி, குழாய், கழிப்பறைத் தாழ்ப்பாள், சிரங்கு மருந்து, உள்ளாடை. மே மாதத்தில் உறவினர் உள்ள பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள்; போக இடமில்லாதவர்கள் மட்டும் இருப்பார்கள். அறைகள் காலியாகக் கிடக்கும் அந்தச் சில வாரங்களில்தான் தண்ணீரை நிறுத்தி வேலை பார்க்க முடியும். நம் பக்கத்து டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-இல் மரிக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவேயில்லை. இப்படிக் கூடவே இருப்பவர்கள்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். வந்துபோகிற நாம் செய்யக்கூடியது அவர்கள் கைப்பாரத்தைக் குறைப்பது. இந்த மடலில் வரும் எல்லா நன்றியும் அந்தக் கணக்கில்தான்.

பிளம்பர் அண்ணாச்சிக்குக் கூலி கொடுக்க முயன்றோம், வாங்க மறுத்துவிட்டார். மாடியிலிருந்த 1000 லிட்டர் தொட்டிகளை அவர் கழுவவைத்த முறையை மற்றச் சபை வாலிபர்களுக்கும் சொல்லவேண்டும். தண்ணீரை முழுக்க வடித்து, அடியில் தங்கிய வண்டலை வாளியால் அள்ளி, சோப்பு போடாமல் பிரஷ்ஷால் மட்டும் தேய்க்க வேண்டும். பிறகு தொட்டியை நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை அப்படியே தொட்டியில் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் படிந்து குழாயை அடைக்கும். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். கீழே ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க விட்டு, காலையில் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். அந்த இரவு அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்பதால் குடிதண்ணீரைத் தனியாகப் பிடித்து வைத்தோம். பவுடர் புதுப் பொட்டலமாக இருக்கவேண்டும். திறந்து கிடந்த பையில் வீரியம் போய்விடும். பக்கத்தில் கழிப்பறை கழுவும் ஆசிட் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். விடிகாலையில் ஆசிட் பாட்டில்களைத் தானே எடுத்துத் தன் வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் அண்ணாச்சி பவுடர் பொட்டலத்தைப் பிரித்தார்.

குழாய்களில் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய், நாளுக்கு ஏறக்குறைய 20 லிட்டரைத் தின்றுவிடும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் இல்லத்துக்கு அது காசு.

தச்சு வேலை செய்த அண்ணனுக்கும் நன்றி. அதே இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016-இன் மாதிரி விதிகள் ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்கின்றன. எண்ணிக்கை சரியாக இருந்தாலும், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளை போகாது. அடக்கிக்கொண்டே இருக்கும், தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும், நீர்க்கடுப்பில் விழும். சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாளாகப் பார்த்து அவர் பொருத்தினார். கதவின் அடிப்பகுதி தண்ணீர் தெறித்து ஊதிப்போவதால், கீழே அலுமினியத் தகடும் அடித்துக் கொடுத்தார்.

சிரங்கு வேலைதான் மிகப் பெரியது. நம் சபை மருத்துவர் அக்கா இல்லாவிட்டால் அதைத் தொட்டிருக்கவே முடியாது. சிரங்கு ஒரு பிள்ளைக்கு வருவதல்ல, ஒரு கூடத்துக்கே வருவது. அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால், பக்கத்துப் பாயிலிருந்து திரும்பி வந்துவிடும். அதனால் ஒரே இரவில் எல்லாப் பிள்ளைகளுக்கும், இல்லத் தாய்க்கும், சமையல் அக்காவுக்கும், காவலருக்கும் சேர்த்து, சிரங்குக் கிருமியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம். உடம்பு உலர்ந்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நக அடி, தொப்புள், இடுப்பு மடிப்பு எதையும் விடக் கூடாது. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உடம்பில் இருக்கவேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி தடவ வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான், ஏனென்றால் கிருமி அதிகம் குடியிருப்பது விரல் இடுக்கில். ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை. கிருமி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தினமும் தடவினால் தோலில் எரிச்சல்தான் வரும். அக்கா இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மருந்து அலமாரியின் உட்கதவில் ஒட்டிவிட்டு வந்தார்கள்.

அன்று காலை போர்வை, தலையணை உறை, துண்டு அத்தனையும் வெந்நீரில் போனது. சபையார் ஒன்றாகச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு மட்டும் வெளியே வரும் சபையின் அண்டாக்களைத் தண்ணீர் காய்ச்சத் தந்த குருவானவர் ஐயாவுக்கும் சபை ஊழியருக்கும் நன்றி. துணியை அண்டாவில் போடவில்லை. வெந்நீரை மொண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் ஊற்றித்தான் ஊறவைத்தோம் என்பதைச் சமையல் குழுவினருக்கு உறுதியாகச் சொல்கிறோம். துவைக்க முடியாத பொம்மைகளையும் கம்பளிகளையும் பையில் இறுக்கக் கட்டி மூன்று நாளுக்கு மேல் ஒதுக்கி வைத்தோம். ஆள் தோலை விட்டு விலகினால் அந்தக் கிருமி அதற்குமேல் பிழைக்காது.

பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மாருக்கு எப்படி நன்றி சொல்வது! பழைய துணி சேகரிப்பதை நிறுத்திவிட்டு, இடுப்பளவு குறித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு புது உள்ளாடையும் துண்டும் வாங்கினீர்கள். ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் சிவப்பு நூலால் எண் தைத்தீர்கள். பெயர் தைத்தால் பிள்ளை மாறும்போது துணி வீணாகும், எண் என்றால் அலமாரியோடு போகும் என்று யோசித்தது உங்களில் ஒருவர். துண்டு மாறுவது நின்றால் சிரங்கு பரவும் ஒரு வழி அடைபடும். பெரிய பெண்பிள்ளைகளுக்கு நாப்கினை மாதத்துக்கு இத்தனை என்று அளந்து கொடுக்காமல், குளியலறை அலமாரியில் கேட்காமலே எடுக்கும்படி வைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

பிறந்தநாளுக்குப் பிரியாணி தர முன்வந்த குடும்பங்கள் மனம் நோகாமல் மாற்றிக்கொண்டதற்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுப்போர் நிறைய. செவ்வாய்க்கிழமைக்கு முட்டை இருக்காது. விடியலில் ஆக்கிய சோறு மே வெயிலில் மதியம்வரை அண்டாவில் இருந்தால் கெட்டுப்போய் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். சூடு தணிந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நீங்கள் அந்தப் பணத்தைப் பலசரக்குக் கடையில் கட்டினீர்கள். கடை அண்ணாச்சி அதற்குத் தனி நோட்டுப் போட்டு, வார நாட்களுக்கு முட்டையும் கொண்டைக்கடலையும் கேழ்வரகு மாவும் அனுப்பிவருகிறார். இல்லத்துச் சமையல் அக்காவே ஆக்குகிறார்கள்; பிள்ளைகள் சூடாகச் சாப்பிடுகிறார்கள்.

அனுமதிக் கடிதத்தையும் காவல்துறைச் சான்றிதழையும் பொறுமையாகச் சரிபார்த்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தாருக்கு நன்றி. எந்தப் பிள்ளையோடும் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது, "மறுபடி வருவேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, "அப்பா அம்மா எங்கே" என்று கேட்கக் கூடாது என்ற மூன்று விதிகளையும் நம் தம்பி தங்கைகள் கடைசிவரை காத்தார்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை நினைத்துச் சந்தோஷப்படுங்கள்.

ஊருக்குப் போன பிள்ளைகள் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது திரும்புவார்கள். சிரங்கும் பேனும் அவர்களோடு வரலாம். அதனால் காணிக்கையில் மீந்த தொகையை வேறெதற்கும் எடுக்காமல், அவர்கள் வந்து சேரும் இரவுக்கும் அதற்கு அடுத்த வாரத்துக்கும் வேண்டிய க்ரீமுக்கும் பேன் சீப்புகளுக்கும் மருந்துக் கடையில் முன்பணமாகக் கட்டியிருக்கிறோம். மருத்துவர் அக்கா இரண்டு இரவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். துணி துவைக்க ஆள் வேண்டும். வர விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் சேகர அலுவலகத்தில் இருக்கின்றன. யாரும் எப்போதும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
சேகர வாலிபர் சங்கத்தார்