தொழுவத்தை அலுவலகமாக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கோத்தகிரித் தொழுவத்தின் படங்களைப் பார்த்தேன். 1½ அடிக் கருங்கல் சுவர், மண் சாந்து, தகரக் கூரை. நல்ல கட்டடம்தான். ஆனால் கொத்தனார் சொன்னபடி உள்ளே சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்து, மறுவாரமே லேப்டாப்போடு உட்கார்ந்துவிடாதே.

மாடு கட்டிய பக்கம் 3 அடி உயரத்துக்குச் சுவர் கறுத்திருக்கிறதே, அது கூரை ஒழுகியதால் வந்ததல்ல. பல வருடக் கோமியம் தரையிலும் சாந்திலும் இறங்கி வெடியுப்பு வகை உப்பாகியிருக்கிறது. அது காற்றின் ஈரத்தையே இழுக்கும். மழை இல்லாத மூட்ட நாளிலும் சுவர் வியர்க்கும். வெயில் வந்தால் உப்பு வெளியே பூத்து, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளி உடைக்கும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். தண்ணீர் விட்டுக் கழுவினாலோ, உப்பு கரைந்து கல்லுக்குள் போய்விடும்.

கறைக்கு மேல் 1 அடி வரை பழைய பூச்சைக் கொத்தியெடு. கல் இடுக்கை 1 அங்குலம் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் தேய். தூளை அன்றன்றே தூரக் கொட்டிவிடு. சுவரோரம் கிடந்தால் மழையில் கரைந்து திரும்பி வரும். பிறகு ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு கலந்து ½ அங்குலம் பூசு. இது நிலைத்து நிற்க வேண்டிய பூச்சு அல்ல, உப்பை உறிஞ்சிக்கொண்டு உதிர வேண்டியது. ஒரு வருடம் கழித்து உரித்துவிட்டு மறுபடி பூசு. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் கூடாது. உறைபனியில் சுண்ணாம்பு பிடிக்காது. பிப்ரவரி கடைசியில் தொடங்கு.

அதற்கும் முன்னால் மேட்டுப் பக்கத்து மண். வருடாவருடம் சரிந்து வந்து சுவரில் 2 அடிக்கு ஏறியிருக்கிறது. அதை அள்ளிவிட்டு, சுவரிலிருந்து 3 அடி தள்ளி 1½ அடி அகலத்தில், உள் தரையைவிட ½ அடி தாழ்வாக வாய்க்கால் வெட்டு. 100 அடிக்கு 1 அடி சாய்வு இருக்கட்டும். துளையிட்ட 4 அங்குலக் குழாய், துளை கீழ்ப்பார்த்து. சுற்றி ¾ அங்குல ஜல்லி. ஜல்லியைச் சுற்றி ஜியோ துணி, அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி. துணி இல்லையென்றால் செம்மண் நுழைந்து அடைத்துவிடும். ஆள் வைத்தே வெட்டு. நீலகிரியில் ஜேசிபி இறக்க எப்படியும் அனுமதி வாங்க வேண்டும். மண் சாந்துச் சுவருக்கு அந்த அதிர்வும் ஆகாது.

தலை இடிக்கிறது என்று தரையைத் தோண்டி இறக்கிவிடாதே! மூலையில் ஒரு சோதனைக் குழி எடுத்து, கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று முதலில் பார். அது 2 அடிதான் என்றால் தோண்டுகிற தோண்டலில் சுவரே உட்கார்ந்துவிடும்.

கூரைக்கு வருவோம். டிசம்பர் இரவில் தகரம் சில்லிடும். உன் மூச்சும் கெட்டில் ஆவியும் அதில் பட்டு, விடிகாலையில் கீபோர்டில் சொட்டும். உள்ளிருந்து மேலே பலகை, பாலித்தீன், 2 அங்குல ராக்வூல் (குளிர் தடுக்கும் கல்நூல் மெத்தை), 2 அங்குலக் காற்றிடைவெளி, தகரம். வரிசை மாறினால் ராக்வூல் நனைந்த மெத்தையாகும். இடைவெளிக் காற்று இறவாணத்தில் நுழைந்து முகட்டில் வெளியேற வேண்டும்.

தொழுவம் அலுவலகமாவது பயன்பாட்டு மாற்றம். உள்ளாட்சியில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கு.

ஜன்னல் கேட்டிருந்தாய். மேட்டுப் பக்கம் வேண்டாம். பள்ளத்தாக்கைப் பார்த்த சுவரில், மூலையிலிருந்து 3 அடி விட்டு, ஒரு சமயத்தில் ஒரு திறப்பு மட்டும் உடைக்கச் சொல். திறப்புக்கு மேல் சுவரைத் தாங்கும் லிண்டல் இரு பக்கமும் 9 அங்குலம் கல்மேல் உட்கார வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்