காப்பீட்டுத் தேதியை மட்டும் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சின் சத்தம், டயர் தேய்மானம், அடிப்பகுதியில் துரு என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கியிருந்தார் கட்டுரையாளர். காப்பீட்டுக்கு வந்தபோது மட்டும், அது நடப்பில் இருக்கிறதா என்று செயலியில் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரே வரியில் முடித்துவிட்டார். நாங்களும் அதைத்தான் செய்தோம். செய்தும் மாட்டிக்கொண்டோம்.

என் தம்பி தெரிந்தவர் ஒருவரிடம் பழைய கார் வாங்கினான். பணம் கொடுப்பதற்கு முன் வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தோம். காப்பீடு முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, அவன் பெயருக்கே ஆர்.சி.யும் வந்துவிட்டது. இனி என்ன கவலை என்று இருந்துவிட்டோம்.

மூன்றாவது மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் மீது கார் மோதியது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தம்பி திருப்பிய வேகத்தில் கார் ஒரு கம்பத்தில் இடித்து முன்பக்கம் நசுங்கியது. மருத்துவமனை வராந்தாவில் அந்தப் பெரியவரின் மகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா அம்மா?” என்பதுதான். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே வயிற்றைப் பிசைந்தது. எங்களுக்குத் தெரிந்தது செயலியில் பார்த்த ஒரு தேதி மட்டும்தானே! பாலிசியை நாங்கள் யாரும் ஒரு முறைகூடப் பிரித்துப் படித்ததில்லை.

நான்கு நாள் கழித்து, பட்டறையில் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் அந்தப் பாலிசியைப் பிரித்தார். முதல் பக்கத்தில் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துவிட்டு, ஆர்.சி.யைக் கேட்டு வாங்கி அருகில் வைத்தார். இரண்டிலும் வேறு வேறு பெயர். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டம் எங்களுக்குப் புரிந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவின்படி, வண்டி கைமாறும்போது, அந்த வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு ஈடுகொடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே புதிய உரிமையாளருக்கு வந்துவிடுகிறது. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக வருவதில்லை. கைமாறிய 14 நாட்களுக்குள் வாங்கியவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். முந்தைய உரிமையாளர் இழப்பீடு எதுவும் கோராமல் ஓட்டியதற்காகப் பெற்ற தள்ளுபடி அவருக்குரியது, காருக்குரியது அல்ல. ஆகவே பெயர் மாற்றும்போது அந்த வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டிவரும். அதற்குத் தயங்கியே பலர் தள்ளிப்போடுகிறார்கள். நாங்கள் தயங்கக்கூட இல்லை. இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பெரியவருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் சொன்னபடி, காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டது. அதற்காக நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். காரைப் பழுது பார்த்த செலவு முழுவதும் தம்பி தலையில் விழுந்தது. அது போகட்டும். அந்த மூன்றாம் நபர் காப்பீடும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என்னை இன்னும் தூங்கவிடாத கேள்வி. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. எல்லோரும் பேசுவது இந்த அபராதத்தைப் பற்றித்தான். ஆனால் காப்பீடு இல்லாத வண்டி ஒருவரை இடித்துவிட்டால், தீர்ப்பாயம் சொல்லும் தொகை முழுவதையும் உரிமையாளரே கொடுக்க வேண்டும். அவரிடம் இல்லையென்றால்? காலை இழந்தவர் கையில் தீர்ப்பு நகல் இருக்கும், பணம் இருக்காது. மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே அவருக்காகத்தான்.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும். பலருடைய பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பகுதி ஓராண்டு மட்டுமே இருக்கும். ஒரே தாளில் இரண்டு முடிவுத் தேதிகள்! மூன்றாண்டுத் தேதியைப் பார்த்துவிட்டு முழுக் காப்பீடும் இருப்பதாக நினைப்பவர்களை என் அலுவலகத்திலேயே கண்டிருக்கிறேன். புதுப்பிக்கும் பழக்கமே இல்லாமல் மூன்று ஆண்டுகள் ஓடிவிடுவதால், நான்காம் ஆண்டு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறவர்களும் உண்டு. கடைசி நாள் நள்ளிரவோடு பாதுகாப்பு முடிந்துவிடும். காலையில் பிரீமியம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த இடைவெளியில் நடப்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஆகவே செயலியில் தேதியைப் பார்த்த பிறகு பாலிசியையும் கையில் வாங்கிப் படியுங்கள். ஆர்.சி.யில் உள்ள பெயரும், எஞ்சின் எண்ணும், சேஸிஸ் எண்ணும் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமா, முழுக் காப்பீடா என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும். சொந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுதியிருக்கும் வெள்ளை எண் பலகைக் காரை வாடகைக்கு ஓட்டினால், இழப்பீடு கோரும்போது அதுவே தடையாக வந்து நிற்கும். தாளின் மீது சந்தேகம் வந்தால், இடைத்தரகரிடம் கேட்காமல், பாலிசி எண்ணைச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேளுங்கள். புதுப்பித்த ஓரிரு நாட்கள் செயலியில் பழைய தேதியே தெரியக்கூடும். அதற்காகப் பதற வேண்டாம்.

அரசுக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஆர்.சி.யில் பெயர் மாற்றும் அன்றே, காப்பீட்டிலும் பெயர் மாற்ற 14 நாள் கெடு இருக்கிறது என்று வாங்கியவரின் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். செயலியில் முடிவுத் தேதிக்குப் பக்கத்தில், அது எந்த வகைக் காப்பீடு, ஆர்.சி.யில் உள்ளவர் பெயரில்தான் இருக்கிறதா என்பதையும் காட்டலாம். அந்தக் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது டயருக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது காப்பீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி