480 வகை வாக்காளர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்தல் முடிவைக் கணினியில் ஒத்திகை பார்ப்பது செயற்கை நுண்ணறிவுடன் வந்த புதுமை என்னும் பொருள்பட உங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அது ஏறத்தாழ 65 ஆண்டுப் பழக்கம்.

அமெரிக்காவில் 1959-இல் தொடங்கப்பட்ட சிமுல்மேட்டிக்ஸ் நிறுவனம், 60-க்கும் மேற்பட்ட பழைய கருத்துக்கணிப்புகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அளித்த பதில்களைத் திரட்டி, பகுதி, மதம், வருமானம், பாலினம், கட்சிச் சார்பு போன்றவற்றின்படி வாக்காளர்களை 480 வகைகளாகப் பிரித்து, 52 பிரச்சினைகளில் அவர்களது நிலைப்பாட்டைக் கணினியில் ஏற்றியது. கிழக்கு மாநிலப் பெருநகரில் வாழும், வருமானம் குறைந்த, ஜனநாயகக் கட்சி சார்ந்த, வெள்ளையினக் கத்தோலிக்கப் பெண்கள் என்பது அவற்றுள் ஒரு வகை.

கத்தோலிக்கரான கென்னடி 1960 அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்டபோது, மதத்தின் பெயரால் இழக்கக்கூடிய வாக்குகளில் பெரும்பகுதியை அவர் ஏற்கெனவே இழந்துவிட்டதால், அந்தச் சர்ச்சையை வெளிப்படையாக எதிர்கொள்வதே லாபம் என்று அந்நிறுவனத்தின் ஆகஸ்ட் அறிக்கை கூறியது. செப்டம்பர் 12-ஆம் தேதி ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் கென்னடி பேசியதும் அதைத்தான். ஆனால், அறிக்கையால்தான் பேசினார் என்று சொல்ல முடியாது. தேர்தலுக்குப் பின் இந்தக் கணினி அறிக்கை பற்றிய செய்தி பரபரப்பானபோது, கணினியை நம்பிச் செயல்படவில்லை என்று அவர் தரப்பு மறுத்தது. அனுபவமுள்ள எந்த வட்டாரத் தலைவரும் இதே யோசனையைச் சொல்லியிருப்பார் என்பது என் கருத்து.

பின்னர் வியட்நாம் போரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காகக் கிராமவாசிகளின் மனநிலையை ஆராயப் போன இந்நிறுவனம், 1970-இல் திவாலானது. தேர்தல் கணிப்பு மென்பொருளை வியந்து எழுதும் கட்டுரையில் இந்த வரலாற்றுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்