கைதட்டலுக்காக நான் இசைத்தட்டு வாங்குவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓர் இசைக்குழுவின் உண்மையான திறமையை அறிய வேண்டுமானால் மேடைக் கச்சேரியை அப்படியே பதிவு செய்து வெளியிடும் அதன் லைவ் ஆல்பத்தைத்தான் கேட்க வேண்டும் என்று வாதிட்டுத் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நயமான கட்டுரைதான். ஆயினும், நெடுங்காலமாக இசைத்தட்டு சேகரித்து வருபவன் என்ற முறையில், எனக்கு அந்த வகைத் தட்டுகள் ஏன் பிடிப்பதில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கச்சேரிக்குப் போவதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. பாடகர் ஒரு வரியை இழுத்து நிறுத்தும்போது, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருப்பதில்தான் அரங்கின் சுகமே இருக்கிறது. அதே இடத்தைத் தட்டில் பலமுறை கேட்டபின், அவர் எங்கே நிறுத்துவார், எப்போது ஆரவாரம் எழும், எந்த மூலையிலிருந்து விசில் பறக்கும் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடுகிறது. பாட்டுக்கு நடுவே அவர் சொல்லும் நகைச்சுவைக்கு முதல்முறை நானும் சிரிக்கிறேன். அதன்பின் எப்போது முடிப்பார் என்று காத்திருக்கிறேன். தட்டு என்பது திரும்பத் திரும்பக் கேட்பதற்காக வாங்கப்படுவது. ஒருமுறை நடந்து முடிவதற்கென்றே அமைந்த ஒன்றை அதில் ஏற்றினால் இந்தச் சலிப்பு தவிர்க்க முடியாதது.

ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைக்கலாமே என்பார்கள். ஸ்டூடியோ தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஊசி ஓடும் வரித்தடம் அகன்று, பளபளப்பான மெல்லிய வளையமாகத் தெரியும். ஊசியை அங்கே இறக்கினால் போதும். பல லைவ் தட்டுகளில் அந்த இடைவெளியையும் கைதட்டல் நிரப்பிவிடுவதால், குத்துமதிப்பாக இறக்கி, அரைகுறை அறிவிப்பிலோ பல்லவியின் நடுவிலோ போய் விழ வேண்டியிருக்கிறது.

நேரக் கணக்கு இன்னொரு தொல்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் 12 அங்குலத் தட்டில், ஒலியின் வலிமை குன்றாமல் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிடம்தான் பதிக்க முடியும். கச்சேரியோ அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. எனவே பக்கத்தின் முடிவில் கூட்டத்தின் கூச்சலை மெல்ல அமுக்கி, மறுபக்கத்தில் மெல்ல உயர்த்துகிறார்கள். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1975 ஜனவரியில் ஜெர்மனியின் கொலோன் நகரில் வாசித்த பியானோ கச்சேரியில், இரண்டாம் பகுதியில் இடைவிடாமல் ஓடும் நீண்ட வாசிப்பை இரண்டாக வெட்டித்தான் தட்டில் ஏற்ற முடிந்தது. ஆனாலும் அந்த ஆல்பத்தை நான் விலக்கவில்லை. அந்த இசை, முன்கூட்டி எழுதி வைக்காமல், மேடையிலேயே கற்பனையாகப் பிறந்தது. அதற்கு ஸ்டூடியோ வடிவம் என்று ஒன்று இல்லவே இல்லை.

என்னை உண்மையிலேயே உறுத்துவது வேறொன்று. ‘உள்ளது உள்ளபடி’ என்று விற்கப்படும் இந்தத் தட்டுகளில் எவ்வளவு மேடையில் நடந்தது? அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டனின் குழு 1956-இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்ததன் ஆல்பத்தில், கணிசமான பகுதி பின்னர் ஸ்டூடியோவில் மீண்டும் வாசிக்கப்பட்டு, கைதட்டல் ஒட்டப்பட்டது. அன்றைய இரவின் அசல் ஒலி 1999-ஆம் ஆண்டு மறுவெளியீட்டில்தான் முழுமையாகக் கிடைத்தது. அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1968-இல் கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் பாடிய தட்டில், ஒரு கொலையைப் பற்றிய வரி முடிந்ததும் கைதிகள் ஆர்ப்பரிப்பதைக் கேட்டுச் சிலிர்க்காதவர் இல்லை. அந்த ஆர்ப்பரிப்பும் பிற்பாடு சேர்க்கப்பட்டதே. காவலர்கள் சூழ உட்கார்ந்திருந்த கைதிகள் அப்படிக் கத்தியிருக்க முடியுமா என்று நமக்குத்தான் தோன்றாமல் போயிற்று. இரண்டும் சிறந்த இசைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிழை நீக்கிப் பதிவை மெருகேற்றுவதும் குற்றமன்று. ஸ்டூடியோவில் நாள்தோறும் நடப்பது அதுதான். ஆனால் மெருகேற்றிய பொருளுக்கு ‘அப்பட்டமான நிஜம்’ என்று பெயர் சூட்டி, அந்த நிஜத்தையே அதன் பெருமையாகப் பேசும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒட்டுவேலை குறைந்த பதிவிலோ வேறு சங்கடம். பீட்டில்ஸ் குழு 1964, 1965 ஆண்டுகளில் ஹாலிவுட் பௌல் அரங்கில் பாடியவை 1977-இல்தான் ஆல்பமாக வந்தன. ரசிகைகளின் அலறலுக்கு அடியில் பாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வரலாற்றுச் சான்று என்று அலமாரியில் வைக்கலாம். விரும்பி எடுத்துக் கேட்க என்னால் ஆகவில்லை.

லைவ் ஆல்பப் பிரியர்களோடு எனக்குப் பகையில்லை. ஒரே இசைக்குழுவின் பத்துக் கச்சேரிப் பதிவுகளைத் தேடித் திரட்டி, ஒவ்வொன்றிலும் கிட்டார் எங்கே மாறுகிறது என்று ஒப்பிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. தங்கள் இதழில் மதிப்புரை எழுதுவோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இத்தகைய ஆல்பம் கைக்கு வரும்போது, அது ஒரே இரவின் பதிவா, பல இரவுகளிலிருந்து தொகுத்ததா, பிற்பாடு எவை சேர்க்கப்பட்டன என்பதைத் தெரிந்த அளவுக்கேனும் ஓரிரு வரிகளில் குறிப்பிட்டால், வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்க என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓர் இசைத்தட்டு சேகரிப்பாளன்